மாங்கனியும் பதிகமும்

குன்றத்தூர்க் கடைத்தெருவில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும், "இது சேக்கிழார் பிறந்த ஊர்" என்பான். தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தோன்றிய அருண்மொழித்தேவர், இரண்டாம் குலோத்துங்கனின் (1133-1150) அமைச்சராக உயர்ந்தார். சோழ நாட்டுத் திருநாகேச்சுரத்தின் மீது கொண்ட பற்றினால் அதே பெயரில் இங்கும் ஒரு கோயில் எழுப்பினார். பின்னர் தில்லைக்குச் சென்று, அறுபத்துமூன்று நாயன்மாரின் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடினார். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டுக் காலம் மக்கள் முன் அதனை விரித்துரைத்தார் என்பதும், நூலையும் நூலாசிரியரையும் அரசன் யானை மீதேற்றிச் சிறப்பித்தான் என்பதும் மரபு கூறும் செய்திகள்.

அந்த அறுபத்துமூவருள் பெண்கள் மூவர்: மங்கையர்க்கரசியார், இசைஞானியார், காரைக்கால் அம்மையார். இம்மூவருள் பாடல்களை விட்டுச் சென்றவர் காரைக்கால் அம்மையார் ஒருவரே. தாமே பாடலை இயற்றித் தாமே பண்ணோடு பாடிய பெண்களுள், தமிழ்ப் பக்தி உலகில் காலத்தால் முற்பட்டவர் அவர். இறந்தோரை நினைவுகூரும் இந்த நவம்பர் மாதத்தில், சுடுகாட்டைத் தம் பாட்டுக்குக் களமாகக் கொண்ட அந்த அம்மையாரைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறேன். அவருடைய பாட்டை அவருக்குப் பின் வந்தோர் எவ்வாறு கேட்டனர், எதனை நினைவில் வைத்தனர், எதனைக் கைவிட்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவ்வினாவிலிருந்து கிறித்தவர்களாகிய நாமும் தப்ப முடியாது என்பதைப் போகப் போக வாசகர் உணர்வர்.

ஒரு சொல், ஒரு பாட்டு, ஒரு புராணம்

அம்மையாரின் காலம் ஏறத்தாழக் கி.பி. ஆறாம் நூற்றாண்டு என்பர். அவர் பாடியவை நான்கு நூல்கள். அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களைக் கொண்டது. திருவிரட்டை மணிமாலை 20 பாடல்களால் ஆனது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22 பாடல்கள். ஆக மொத்தம் 143 பாடல்கள். இவை இன்று பதினோராம் திருமுறையில் உள்ளன. பதிகங்களுள் ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் பாடப்படுகின்றன. தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னரே பாடப்பட்டமையால்தான் அவற்றுக்கு "மூத்த" என்னும் அடைமொழி அமைந்தது.

அவருக்குப் பின் வந்தோர் அவரைச் சொல்லிய முறையை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடியபோது, "பேயார்" என்ற ஒரே சொல்லால் அவரைக் குறித்தார். பின்னர் நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் ஒரு பாட்டு முழுவதையும் அவருக்கு அளித்தார். அம்மையார் திருமலையைக் காலால் மிதியாது தலையால் நடந்து ஏறியதும், அதைக் கண்டு உமையம்மை முறுவலித்ததும், இறைவன் அவரை அம்மை என அழைத்ததும் அப்பாட்டில் உள்ளன. மாங்கனி அதில் இல்லை. அதற்கும் பின்னர் நம் குன்றத்தூர்ச் சேக்கிழார் 66 பாடல்களில் அவருடைய வாழ்க்கையை விரித்தார்.

சேக்கிழார் சொல்லும் கதையைத் தமிழர் அறிவர். காரைக்கால் வணிகர் தனதத்தரின் மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன். அவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குப் புனிதவதி இட்டுவிடுகிறார். எஞ்சிய கனியை உண்ட கணவன் மற்றொன்றையும் கேட்க, இறைவனை வேண்டிய அவர் கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. அதன் சுவை வேறாக இருந்ததால் வினவிய கணவனிடம் அவர் உண்மையைக் கூறுகிறார். அவன் மீண்டும் ஒரு கனியை வருவிக்கச் சொல்ல, அதுவும் வந்து, அவன் கையில் தங்காது மறைகிறது. அச்சமுற்ற அவன் வணிகம் செய்யப் போவதாகச் சொல்லிக் கப்பலேறிப் போனவன், பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்கிறான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதியின் பெயரையே சூட்டுகிறான். உற்றார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் கொண்டு சேர்க்க, அவனோ இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் அவர் காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்திருந்த தசையையும் அழகையும் அப்போதே உதறிவிட்டு, என்பும் தோலுமான பேய் வடிவை அவர் வேண்டிப் பெறுகிறார். தலையால் நடந்து கயிலை செல்கிறார். முடிவில் திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடியிருக்கிறார்.

ஒரு மேய்ப்புப் பணியாளனாக இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் சேக்கிழாரின் மன நுட்பத்தை வியக்கிறேன். கைவிடப்பட்ட மனைவியை உறவினர் சிவிகையில் கொண்டுபோய் இறக்கும் அந்தக் காட்சி, இன்றும் நம் பங்குகளில் ஏதோ ஒரு வடிவில் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையாரைத் தமிழ் மக்கள் மறவாதிருக்கச் சேக்கிழார் பெருங்காரணர் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அம்மையாரின் 143 பாடல்களையும் புரட்டிப் பாருங்கள். அங்கே மாங்கனி இல்லை, பரமதத்தன் இல்லை, சிவிகையும் கப்பலும் இல்லை. தம்மைப் பற்றி அவர் அளிக்கும் அடையாளம் ஒன்றுதான்: தாம் காரைக்காலைச் சேர்ந்த ஒரு பேய். மாங்கனிக் கதையை நமக்கு விரிவாகச் சொல்பவர் அவருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிற்பட்ட சேக்கிழாரே. அவருடைய பாடலையும் அவரைப் பற்றிய புராணத்தையும் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதை அண்மைக் காலத்தில் கேரன் பெச்சிலிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2012-இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார்.

எனினும் ஊர் நினைவில் நின்றது மாங்கனிதான். ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. இறைவன் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வீசுகின்றனர். கீழே நிற்போர் அவற்றைப் பிடிக்க முந்துகின்றனர். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அக்கனியை அருளாக ஏற்கின்றனர். 1973-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த "காரைக்கால் அம்மையார்" திரைப்படம் அக்கதையைச் சிற்றூர்க் கொட்டகைகள் வரை கொண்டு சென்றது. இளைய புனிதவதியாக லட்சுமியும், அம்மையாராக கே.பி. சுந்தராம்பாளும் நடித்தனர். 1933-இல் கணவர் கிட்டப்பாவை இழந்த பின் வெண்ணிற ஆடையோடு பாட்டையே வாழ்வாகக் கொண்டிருந்த சுந்தராம்பாள், அந்த வேடத்துக்கு வேறெவரும் தர முடியாத உண்மையைத் தந்தார் என்றே சொல்ல வேண்டும். இவ்வாறு கதை வளர்ந்தது. பாட்டோ, ஓதுவார்களின் நாவிலும் புலவர்களின் ஏட்டிலும் தங்கியது.

புறங்காட்டில் ஒரு தாய்

அந்தப் பாட்டில் இருப்பது என்ன? திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ள திருவாலங்காட்டின் புறங்காடே மூத்த பதிகங்களின் களம். ஈமத் தீ, நரி, பருந்து, எலும்பு, நிணம் என்று நாம் கண்ணை மூடிக்கொள்ள விரும்பும் அனைத்தையும் அவர் கண் திறந்து பாடுகிறார். முதற்பதிகம் தொடங்குவதே ஒரு பெண்பேயின் வற்றிய உடலை உறுப்புறுப்பாக வரைந்துதான். பெண்ணுடலைப் புலவர்கள் பாடி வந்த வழக்கத்தை நினைத்தால் இது எத்துணைத் துணிவு என்பது விளங்கும். அதே பதிகத்தில் ஏழிசைகளின் பெயர்களையும், தக்கை, கொக்கரை, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை எனக் கருவிகளின் பெயர்களையும் அடுக்குகிறார். இசையை நன்கு அறிந்த ஒருவரின் வாய்மொழி அது.

ஒரு பாட்டு என்னை விட்டு நீங்குவதில்லை. அதன் கருத்தை மட்டும் சொல்கிறேன். அப்புறங்காட்டில் ஒரு தாய்ப்பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயரிட்டுச் சீராக வளர்க்கிறது. குழந்தையின் மேனியில் படிந்த புழுதியைத் துடைக்கிறது; பால் கொடுக்கிறது; பின்பு எங்கோ போய்விடுகிறது. போன தாய் வரக் காணாமல் அக்குழந்தை அழுது அழுது உறங்கிவிடுகிறது. அந்தக் காட்டில்தான் இறைவன் ஆடுகின்றான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் மாலையில் நம் தெருமுனைகளில் வந்து நிற்பதை வாசகர் கண்டிருப்பர். இரவுப் பணிக்குச் செல்லும் பெண்களுள் சிலர் கைக்குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஏறுகின்றனர். பேருந்து மறைந்த பின்னும் அக்குழந்தை வீதியையே பார்த்துக்கொண்டிருக்கும். அம்மையாரின் அப்பாட்டை நான் புரிந்துகொண்டது உரை நூல்களால் அன்று; அத்தெருமுனையில் நின்றுதான்.

அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்தில் அவர் கூறுவதும் எண்ணத்தக்கது. இறைவன் தம் துன்பத்தைக் களையாவிட்டாலும், இரக்கம் காட்டாவிட்டாலும், செல்லும் வழியைச் சொல்லாவிட்டாலும், அவன்மீது கொண்ட அன்பு தம் நெஞ்சிலிருந்து நீங்காது என்கிறார். திருவிவிலியம் அறிந்தோருக்கு அபக்கூக்கு நூலின் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வரலாம். அத்திமரம் பூக்காமலும் தொழுவத்தில் ஆடுமாடு இல்லாமலும் போனாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்று அவ்விறைவாக்கினர் பாடினார். இருவர் விசுவாசமும் ஒன்றே என்று கூறி வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது வெறும் மரியாதைக்காக அன்று. பயனை எதிர்பாராத அன்பு எங்கே பாடப்பட்டாலும் நாம் செவிசாய்க்கக் கடமைப்பட்டவர்கள்.

பாட்டு சென்ற தொலைவு

கதையின் நிழலில் மறைந்தாலும் பாட்டு தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. அம்மையார் காலால் மிதிக்காத மண்ணைத் தாம் மிதிக்கலாகாது என்று அஞ்சித் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுக்குள் செல்லத் தயங்கி, அருகில் உள்ள பழையனூரிலேயே தங்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார். ஒரு பாவலர் மற்றொரு பாவலருக்குச் செய்த வணக்கம் அது. அந்தப் பழையனூர்தான் நீலி கதைக்கும் ஊர். கணவனால் வஞ்சிக்கப்பட்டு இறந்த ஒருத்தி பேயாகி வந்து பழிதீர்த்ததும், அவளிடம் வாக்களித்த வேளாளர் எழுபதின்மர் தீயில் புகுந்ததும் தொண்டை நாடே அறிந்த கதைகள். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில், கணவன் கைவிட்ட பெண்கள் இருவர் பேயாயினர். ஒருத்தியின் துயரம் பழியாயிற்று; மற்றவரின் துயரம் பதிகமாயிற்று.

அம்மையாரின் உருவம் கடலையும் கடந்தது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அவர் அமர்ந்திருக்கிறார். கம்போடியாவில் 967-இல் குடமுழுக்குப் பெற்ற பாந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனுக்கு அருகே காணப்படும் வற்றிய பெண்ணுருவை அம்மையாரே என்று அறிஞர் அடையாளம் காண்கின்றனர். கையில் தாளத்தோடு அவர் அமர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் பாடல்களைக் காரவேலன் பிரெஞ்சு மொழியில் பெயர்க்க, பாண்டிச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் அதனை 1956-இல் வெளியிட்டது.

நமக்கு இன்னும் நெருங்கிய தொடர்பும் ஒன்று உண்டு. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அந்தாதி அமைப்பில் முழு நூலாகக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அம்மையாருடையது. அந்த வடிவத்தில்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், தேவ அன்னையின் துயரைப் பாட "அன்னை அழுங்கல் அந்தாதி" இயற்றினார். சிலுவையடியில் நின்ற தாயின் அழுகையைத் தமிழில் பாட, புறங்காட்டில் இருந்த அம்மையார் பயன்படுத்திய யாப்பே உதவியது. இவ்வரலாற்றை நம் குருமட மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நம் செவியின் வரலாறு

பெண்ணைப் போற்றிப் பெண்ணின் குரலை அடக்குவது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. சேக்கிழார் தில்லையில் பாடிய அதே நூற்றாண்டில், செருமனியின் ரைன் ஆற்றங்கரையில் புனித ஹில்டெகார்டு (1098-1179) வாழ்ந்தார். மடத்தலைவியாகிய அவர் தாமே பாடல்களை எழுதி இசையமைத்தார். எழுபதுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. 1178-இல், ஒருகாலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, இறக்குமுன் ஒப்புரவு பெற்றிருந்த ஒருவரைத் தம் மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்ய அவர் இசைந்தார். உடலைத் தோண்டி எடுக்குமாறு மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் கட்டளையிட்டனர். அவர் மறுக்கவே, மடத்தில் பாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. எண்பது வயதை எட்டிய அப்பெண், இறைப்புகழைத் தக்க காரணமின்றித் தடுப்போர் விண்ணகத்தில் வானதூதரின் புகழிசையில் பங்குபெறார் என எச்சரித்துக் கடிதம் எழுதினார். 1179-இல் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்க 2012 வரை நாம் காத்திருந்தோம்.

1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆவணம், பாடற்குழுவின் பணி வழிபாட்டுப் பணியாதலால் பெண்கள் அதில் இடம்பெற இயலாது என்றது. 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அந்நிலையைத் தளர்த்தினார். 1967-இல் வந்த திரு இசை பற்றிய அறிவுரை பெண்கள் பாடற்குழுவுக்கு வழிவிட்டது. 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிசு வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே 2021-இல், ஆகஸ்டு மாதம், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். திருமுறைகளைப் பாடிய பெண்ணின் பாட்டைக் கோயிலில் பெண்ணே பணியேற்றுப் பாட இத்தனை நூற்றாண்டு ஆயிற்று. செங்கடற்கரையில் கஞ்சிராவைக் கையிலேந்திய மிரியாமின் பாட்டையும், நாசரேத்து மரியாவின் பாட்டையும் நாள்தோறும் போற்றும் நாமும் அத்தனை நூற்றாண்டு தாமதித்தோம்.

இதை எழுதும் என் கையும் தூய்மையானதன்று. குருவாகித் திருநிலை பெற்ற சில ஆண்டுகளில், ஒரு சிற்றூரில் இறந்த வீட்டுக்குச் சென்றேன். இறந்தவன் இளைஞன். அவனுடைய தாய் பிணத்தருகே அமர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். அவன் பிறந்த நாள் முதல் கடைசியாகக் கேட்ட கஞ்சி வரை, சொல்லுக்குச் சொல் தாமே கட்டிப் பாடினார். உயிர்ப்பின் மீது நம்பிக்கை உள்ளோர் இவ்வாறு புலம்புதல் தகாது என்று குருமடத்தில் கற்றிருந்த நான், "போதும் அம்மா, செபம் தொடங்க வேண்டும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க சாமி" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதன்பின் அவர் பாடவில்லை. ஓராண்டு கழித்து நினைவுத் திருப்பலிக்குப் போனபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த ஒப்பாரியின் அடிகளைச் சொல்லிக் கண்கலங்கினர். என் மறையுரையில் ஒரு சொல்லும் எவருக்கும் நினைவில் இல்லை. இலாசரின் கல்லறை முன் ஆண்டவரே அழுதார் என்னும் நற்செய்தியை அன்று நான் மறந்திருந்தேன்.

மூத்த பதிகத்தின் இறுதிப் பாட்டில் அம்மையார் தம் கேட்போரைப் பற்றிப் பேசுகிறார். இப்பாடல்கள் பத்தையும் பாடி ஆடுவோரின் பாவம் ஒழியும் என்பது அவர் வாக்கு. தம் கதையைச் சொல்லும்படி அவர் எவரையும் கேட்கவில்லை; தம் பாட்டைப் பாடும்படியே கேட்டார். மாங்கனியை நாம் போற்றுவதில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது அதுவன்று.

சென்ற கல்லறைத் திருநாளன்று மாலை, கல்லறைகளை மந்திரித்து முடித்தபின், எங்கள் பங்கில் உடனே ஒலிபெருக்கியை அணைத்துவிடவில்லை. பாட விரும்பும் தாய்மார் தங்கள் பாட்டைப் பாடலாம் என்று அறிவித்துவிட்டு ஓரமாக நின்றேன். நீண்ட நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்பு, மெழுகுதிரிகள் பாதி எரிந்த வேளையில், ஒரு மூதாட்டி தம் கணவரின் கல்லறை முன் அமர்ந்து மெல்லத் தொடங்கினார். ஆலைச் சீருடையில் இரவுப் பணிக்குக் கிளம்பி நின்ற அவருடைய பேத்தி, பேருந்துக்கு நேரமாகியும் போகாமல், பாட்டு முடியும்வரை அருகில் நின்று கேட்டாள்.

இந்த நவம்பரிலும் அவ்வாறே செய்ய எண்ணியிருக்கிறேன். மற்றப் பங்குகளின் அருள்பணியாளர்களும் செய்து பார்க்கலாம். சிறிது நேரம் ஆகும்; அவ்வளவுதான்.